பெட்ரோல் கேட்காத கார்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்தை ஆங்கிலப் பத்திரிகைகள் ‘கார் ஃபெஸ்டிவல்’ என்று எழுதுகின்றனவே, அந்தக் காருக்குப் பெட்ரோல் போடுவது யார்? (ராஜபாளையம் வாசகர்)

வடம் பிடிப்போர்தாம். பிரேக்கும் உண்டு, சக்கரத்தின் கீழ்ச் செருகித் தேரை நிறுத்தவும் திருப்பவும் உதவும் அந்த மரத்துண்டுக்கு முட்டுக்கட்டை என்று பெயர். அரசு அலுவலகங்களில் மட்டும் அது மரத்தால் செய்யப்படுவதில்லை.

நகைப்பு ஒருபுறமிருக்க, ‘கார்’ என்ற சொல்லின் மீது மூத்த உரிமை தேருக்கே உண்டு. கெல்ட்டியர் எனப்படும் பண்டைய ஐரோப்பிய மக்களின் வண்டிப்பெயர் ஒன்று இலத்தீனில் ‘கர்ருஸ்’ ஆகி, பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்தில் நுழைந்தபோது சக்கரமுள்ள வண்டியையே குறித்தது. பின்னர் கவிஞர்கள் அதைப் போர்த்தேருக்கும் சூரியனின் தேருக்கும் ஒதுக்கிக்கொண்டமையால், கோயில் தேரைக் கண்ட ஆங்கிலேயருக்கு அதுவே பொருத்தமாகப் பட்டது போலும். 1886இல் கார்ல் பென்ஸ் தம் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்ற பிறகே அச்சொல் மெல்ல மோட்டாருக்கு இடம்பெயர்ந்தது. அமெரிக்கரோ ரயில் பெட்டியையும் இன்றுவரை கார் என்கின்றனர்.

தமிழில் கார் என்றால் மழைமேகம். ஆடியில் அது பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் கேரளத்திலேயே இறங்கிவிடுவதால், ராஜபாளையத்தார் அண்ணாந்து பார்ப்பதோடு சரி.