மேல்வீட்டில் தீ, கீழ்வீட்டில் வெள்ளம்

தீ மேல்நோக்கிப் போகும், தண்ணீர் கீழ்நோக்கி வரும். பள்ளிக்கூடத்தில் படித்த இந்த இரண்டு வரியின் அருமை, பெங்களூரில் மூன்றாம் மாடியில் ஃபிளாட் வாங்கி, நான்காம் மாடிக்காரர் கீசரை அணைக்க மறந்து ஊருக்குப் போகும்வரை தெரியாது. தீயணைப்பு வண்டி வரும், அணைக்கும், போய்விடும். எரிந்த வீட்டுக்காரருக்கு ஆறுதல் சொல்ல அபார்ட்மென்ட்டே படியேறும். போகிற வழியில் உங்கள் வாசலில் வழியும் கறுப்புத் தண்ணீரைத் தாண்டிக்கொண்டே, "நல்லவேளை, உங்களுக்கு ஒண்ணும் ஆகலை" என்பார்கள்.

ஒன்றும் ஆகாத அந்தக் குடும்பங்களுக்கான வழிகாட்டி இது.

1. வந்த தண்ணீரை மதியுங்கள்

உங்கள் ஹாலில் நிற்பது லேசுப்பட்ட தண்ணீர் இல்லை. சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவந்த காவிரி. இல்லையென்றால் டேங்கர்காரரைக் கெஞ்சி வாங்கிய போர்வெல் நீர். 2024 மார்ச்சில் ஊரே வறண்டு கிடந்தபோது, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது குடிநீர் வாரியம். 5 கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டர் டேங்கருக்கு 600 ரூபாய் என்று மாவட்ட நிர்வாகம் விலை கட்டியது. தீயணைப்புக் குழாய் நிமிடத்துக்கு 400 லிட்டர் பீச்சுகிறது என்று வையுங்கள். கால் மணியில் ஒரு டேங்கர் காலி. உங்களுக்கு அது டெலிவரி சார்ஜ் இல்லாமல், சீலிங் வழியாகவே வந்து இறங்கியிருக்கிறது.

அதற்காகப் பக்கெட்டில் பிடித்துத் துளசிக்கு ஊற்றிவிடாதீர்கள். அதில் புகைக்கரியும் உருகிய பிளாஸ்டிக்கும் கரைந்திருக்கும்.

"இந்த ஊர்ல ஏரியே எரியுது சார்" என்று ஒருவர் தேற்றுவார். அவர் சொல்வது உண்மை. 2018 ஜனவரி 19 அன்று பெல்லந்தூர் ஏரியில் பிடித்த தீயை அணைக்க ராணுவத்தினர் 5,000 பேர் இறங்க வேண்டியிருந்தது. ஏரிக்கே அந்தக் கதி என்றால் உங்கள் சோபா எம்மாத்திரம் என்பது அவர் வாதம். தலையாட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போங்கள்.

2. ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்காதீர்கள்

எல்லா வீட்டிலும் ஒரு மாமா உண்டு. ஈரச் சுவரில் ஸ்விட்சைத் தட்டி, "கரண்ட் இருக்கானு பாக்கறேன்" என்பார். அவரை முதலில் வெளியே உட்கார வைத்து ஒரு காபி கொடுங்கள்.

பெஸ்காம் ஊழியர் வந்து கீழே லைனைத் துண்டித்துவிட்டாலும் உங்கள் வீட்டில் மின்சாரம் செத்துவிடவில்லை. பால்கனி மூலையில் யுபிஎஸ் சமர்த்தாக வேலை செய்துகொண்டிருக்கும். கரண்ட் போனால் ஒயரில் கரண்ட் விடுவதுதானே அதன் பிழைப்பு. மெயினோடு அதையும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு நிறுத்துங்கள். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் வயிறு மாதிரி தொங்கினால், அதற்குள் தண்ணீர் நிற்கிறது என்று பொருள். அடியில் நின்று செல்ஃபி எடுக்க வேண்டாம்.

3. துடைக்க வருபவர்களைத் தடுங்கள்

செய்தி கேட்டு ஸ்ரீராம்புரத்திலிருந்து அத்தை வருவார், கையில் ஈரத் துணியோடு. பாசம்தான். ஆனால் கரி படிந்த சுவரை ஈரத் துணியால் தேய்த்தால், மேலே ஒட்டியிருக்கும் கரி பெயின்ட்டுக்குள் இறங்கி நிரந்தரக் குடித்தனம் போட்டுவிடும். காய்ந்த இடத்தில் படிந்த கரியை முதலில் வாக்யூம் கிளீனரால், முனை சுவரில் படாமல் உறிஞ்ச வேண்டும். தண்ணீர் எல்லாம் அப்புறம்தான்.

டிவி நன்றாக ஓடுகிறது என்றும் மகிழ வேண்டாம். பிவிசி ஒயரும் பைப்பும் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். ஈரம் பட்டால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். டிவிக்குள் இருக்கும் செம்பையும் சாலிடரையும் அது அவசரமில்லாமல், வாரக்கணக்கில் தின்னும். நனைந்த போனை அரிசி டப்பாவில் புதைக்கும் பழக்கம் இங்கே செல்லாது. அரிசிக்கு அமிலத்தை எடுக்கத் தெரியாது; அந்த அரிசியைப் பிறகு யாராவது வடித்துவிடும் ஆபத்தும் இருக்கிறது.

4. பத்திரத்தை ஃப்ரீஸரில் வையுங்கள்

இது மட்டும் கிண்டல் இல்லை. 1986 ஏப்ரல் 29 அன்று லாஸ் ஏஞ்சலீஸ் மத்திய நூலகம் தீப்பற்றியபோது எரிந்த புத்தகங்கள் சுமார் 4 லட்சம். புகையிலும் தண்ணீரிலும் கெட்டவை சுமார் 7 லட்சம். நனைந்ததை வெயிலில் பரப்பாமல், அள்ளிக்கொண்டு போய் உறைய வைத்தார்கள். ஈரத் தாளில் இரண்டு நாளில் பூஞ்சை கிளம்பிவிடும். உறைந்த தாளில் வளராது. அப்புறம் நிதானமாக உலர்த்திக்கொள்ளலாம்.

ஆகவே சேல் டீட், காத்தா, பிள்ளையின் மார்க் ஷீட் எல்லாவற்றையும் தனித்தனிப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, பச்சைப் பட்டாணிக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவில் செருகுங்கள். உங்கள் வீட்டில்தான் கரண்ட் இல்லையே, முதல் மாடிக்காரரின் ஃப்ரீஸரைக் கேளுங்கள். ஒன்றரைக் கோடி ரூபாய்ச் சொத்தின் மூலப் பத்திரம் அடுத்த வீட்டு மட்டன் பக்கத்தில் கிடப்பது சைவக் குடும்பங்களுக்குச் சங்கடம்தான். பூஞ்சைக்கு அந்த ஆசாரமெல்லாம் கிடையாது.

5. பெயின்டரை நம்பாதீர்கள்

"ரெண்டு கோட் புட்டி, ஒரு கோட் பிரைமர், தீபாவளிக்குள்ள முடிச்சிடலாம் சார்." இந்த வாக்கியத்தைத் தமிழ், கன்னடம், இந்தி மூன்றிலும் கேட்பீர்கள். பெங்களூரு மழைக்காலத்தில் கொடியில் போட்ட பனியனே மூன்று நாள் ஆனாலும் காயாது, சுவர் காயுமா? ஒரு பாலிதீன் ஷீட்டைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் பாருங்கள். உட்புறம் நீர்த்துளி நின்றால் சுவர் இன்னும் குடித்த தண்ணீரைக் கக்கிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேல் பெயின்ட் அடித்தால் தை பிறக்கும்போது அது அப்பளமாக எழும்பி வரும்.

சாம்பிராணி போட்டால் புகை வாடை போகும் என்பார்கள். போகாது, சாம்பிராணிப் புகையும் சேர்ந்துகொள்ளும்.

6. எதையும் தூக்கி எறியாதீர்கள்

ஊதிப்போன கிச்சன் கப்போர்டு கதவு இனி உங்கள் வீட்டின் முக்கியமான ஆவணம். இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்கும்வரை அது அங்கேயே நிற்கட்டும். போட்டோ, வீடியோ எடுங்கள். தீயணைப்புத் துறையின் அறிக்கை நகலுக்கு எழுதிக் கொடுங்கள். தீயை அணைக்கப் பாய்ச்சிய தண்ணீரால் வந்த சேதம் தீச்சேதக் கணக்கில்தான் சேரும். "தண்ணி தானே" என்று யாராவது இழுத்தால் இழுக்க விடாதீர்கள்.

இதெல்லாம் பாலிசி இருப்பவர்களுக்கு. 2021 ஏப்ரல் முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டு பாலிசி வந்திருக்கிறது. கட்டடத்துக்கு எடுத்தால், உள்ளே இருக்கும் சாமான்களுக்கும் கட்டடத் தொகையில் 20 சதவீதம், 10 லட்சம் ரூபாய் வரை, தானாகவே காப்பு உண்டு. காருக்கு வருஷா வருஷம் தவறாமல் கட்டும் நாம், கார் நிற்கும் கட்டடத்துக்குக் கட்டுவதில்லை. கார் கீழே நிற்கிறது, நனையாது என்ற தைரியம் போலும்.

7. வாடகைக்கு இருந்தால்

ஓனருக்கு அமெரிக்காவில் நள்ளிரவு. நீங்கள் அனுப்பிய 46 போட்டோவுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு எமோஜி வரும். காலி செய்யும்போது பத்து மாத அட்வான்ஸில் பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்பார். சீலிங்கில் இருக்கும் கறையைக் காட்டி இன்னொரு மாதம் பிடிப்பார். எல்லாவற்றையும் மெயிலில் தேதியோடு எழுதி வையுங்கள். கும்பிடுக்கு கோர்ட்டில் மதிப்பில்லை.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*மேல்வீட்டுக்காரர் நஷ்டஈடு தருவாரா?*

அவரிடமும் உங்களிடமும் பாலிசி இல்லை என்றால், இருவரும் சேர்ந்து லிஃப்டில் மௌனமாகப் போகலாம்.

*அவ்வளவு தண்ணீர் எந்த வழியாகத்தான் வந்தது?*

நல்ல கேள்வி. அசோசியேஷன் குரூப்பில் இதை மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். கான்கிரீட் தளம் அவ்வளவு சீக்கிரம் ஒழுகாது. ஒயரும் பைப்பும் போகும் டக்டில், ஒவ்வொரு மாடித் தளத்திலும் விட்ட ஓட்டையை யாரும் அடைக்காததால் வந்தது. தீயைத் தாங்கும் பொருளால் அதை மாடிக்கு மாடி அடைக்கச் சொல்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. தண்ணீர் கீழே வரும் ஓட்டை, புகை மேலே போகும் ஓட்டையும்தான். 2010 பிப்ரவரி 23 அன்று பழைய ஏர்போர்ட் ரோட்டின் கார்ல்டன் டவர்ஸில், மின்கம்பி டக்டில் பிடித்த தீயின் புகை மேல்மாடிகளை நிரப்பியது. மூச்சு முட்டி ஜன்னல் வழியே குதித்தவர்கள் உண்டு. 9 பேர் இறந்தார்கள். இழந்த குடும்பங்கள் சேர்ந்து தொடங்கிய 'பியாண்ட் கார்ல்டன்' இன்றும் தீப் பாதுகாப்பு பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது. சோபா நனைந்ததற்கு அழும் பாக்கியம் உயிரோடு இறங்கி வந்தவர்களுக்குத்தான்.

*ஓட்டையை அடைக்க அசோசியேஷனில் பணம் இருக்குமா?*

ராஜ்யோத்சவ ஆர்க்கெஸ்ட்ராவுக்கு இருந்தது.

*நான் இப்போது என்ன செய்யலாம்?*

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எப்படியும் கோரம் சேராமல் அரை மணி தள்ளிப்போகும். அதற்குள் மெயின்டனன்ஸ் ஆளை அழைத்து டக்ட் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். எதையும் தொடாமல், டார்ச் அடித்து மேலே பாருங்கள். வெளிச்சம் அடுத்த மாடியைத் தாண்டிப் போனால், போட்டோ எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போய் முதல் ஆளாகக் கையைத் தூக்குங்கள். நாய் பிரச்சினையும் பார்க்கிங் பிரச்சினையும் அடுத்த மாதமும் இருக்கும்.