சும்மா இருக்க விடுங்கள்

காத்திருப்பதைப் பற்றிக் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அத்தி வரதர் 40 வருஷம் அனந்தசரஸ் குளத்துக்குள் இருக்கிறார், 48 நாள் வெளியே வந்து சேவை சாதிக்கிறார், மறுபடி உள்ளே போய்விடுகிறார். 1979-இல் பார்த்தவர்கள் 2019 வரைக்கும் பொறுமையாகத்தான் இருந்தார்கள். அடுத்தது 2059. அப்பேர்ப்பட்ட ஊரில், வருஷத்துக்கு ஒரே ஒரு முறை பூக்கும் கிழங்குச் செடிக்குக் காத்திருக்க எங்கள் வீட்டில் ஒருவருக்கும் பொறுமை இல்லை.

செடியின் பெயர் மே ஃப்ளவர் லில்லி. ஃபுட்பால் லில்லி என்றும் சொல்வார்கள். பூர்வீகம் ஆப்பிரிக்கா. கோடை மழை ஒன்று விழுந்தால் போதும், வெறும் மண்ணிலிருந்து தண்டு கிளம்பி உச்சியில் சிவப்புப் பந்தாக விரியும். கிட்டே போய்ப் பார்த்தால் அது ஒரு பூ இல்லை. நூறு பூவுக்கும் மேல் தேறும். ஒவ்வொன்றிலும் ஆறு சிவப்பு இழை, இழை நுனியில் துளி மஞ்சள் மகரந்தம்.

வீட்டுக்குள் வைத்தால் வெளிச்சம் வேண்டும். எங்கள் வீட்டில் நல்ல வெளிச்சம் வருகிற ஜன்னல் ஒன்றுதான். அது தறிக்குச் சொந்தம். பெரியப்பா நெய்வது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், நாடா மூன்று. கரையும் உடலும் சேருகிற இடத்தில் இழை தப்பக் கூடாது.

"பாவு மேல ஒரு சொட்டுத் தண்ணி பட்டா கறை. அந்த மஞ்சத்தூள் பட்டா புடவையே போச்சு. தொட்டியா தறியான்னு நீயே முடிவு பண்ணிக்கோ" என்றார். கடைசியில் தறியிலிருந்து தள்ளி இருந்த மூலையில், தரையில் இடம் கிடைத்தது.

தை வாக்கில் இலை பழுத்துச் சாய்ந்தது. கிழங்கு தூங்கப் போகிறது என்று அர்த்தம். அப்போது தண்ணீர் ஊற்றினால் அழுகிவிடும். இதை எங்கள் பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள். "மண்ணு வாயப் பொளந்து கெடக்கு, தண்ணி வேணாமாம்!" என்று அரிசி கழுவின தண்ணீரோடு வந்து நிற்பார். தொட்டி வீணாகிறதே என்று அம்மா கொத்தமல்லி விதை தூவினார். ஊரிலிருந்து வந்த அத்தை, உயிர் இருக்கிறதா என்று தோண்டியே பார்த்துவிட்டார். தோண்டிய கிழங்கு அன்று ராத்திரி தங்கியது வெங்காயக் கூடையில். பார்க்க அசல் வெங்காயம், ஆனால் விஷம். நல்லவேளை, மறுநாள் எங்கள் வீட்டில் வெங்காயம் சேர்க்காத விரதச் சமையல்.

இத்தனையும் தாண்டி வைகாசியில் அது பூத்தது. குழித்தறிக்காரர் குழிக்குள் காலை விட்டுத் தரையோடு தரையாக உட்கார்ந்திருப்பவர். அதனால் முளையை முதலில் பார்த்தவர் பெரியப்பாதான். வரதராஜப் பெருமாள் கருட சேவைக்கு வந்த உறவுக்கூட்டம் தொட்டியைச் சுற்றி நின்று விசாரணை நடத்தியது.

"வாசனை இருக்கா?"

"இல்ல."

"தலையில வைக்கலாமா?"

"தலை அளவுக்கு இருக்கே, எப்படி வைக்கறது?"

"சாமிக்கு?"

பாட்டி குறுக்கே புகுந்தார். "பூந்தமல்லியில தோட்டம் போட்டு வரதருக்குப் பூ கொண்டாந்தாரு திருக்கச்சி நம்பி. இவன் வளக்கறான் பாரு, எதுக்கும் ஆகாத பூ!"

"பாக்கறதுக்கு ஆகுதில்ல? பட்டுப் புடவையும் பாக்கறதுக்குத்தான்" என்று தறியை நிறுத்தாமலே சொன்னார் பெரியப்பா.

வளர்க்க நினைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். கிழங்கின் கழுத்து மண்ணுக்கு வெளியே தெரியட்டும். பூ உதிர்ந்ததும் இலையை வெட்டாதீர்கள். அடுத்த பூவுக்கான சாப்பாட்டை இலைதான் தயாரித்துக் கிழங்கில் சேர்க்கிறது. இலை பச்சையாக இருக்கிறவரை, மண் காய்ந்தால் தண்ணீர். இலை சாய்ந்துவிட்டால் கோடை மழை வரை ஒரு சொட்டும் வேண்டாம். குழந்தைகளுக்கும் வெங்காயக் கூடைக்கும் எட்டாமல் வையுங்கள்.

மொத்தத்தில் இதற்குத் தேவை கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கிற திறமை. அது இல்லாத வீட்டார் துளசி வளர்ப்பது உத்தமம். அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றலாம்.