பெரியப்பாவும் ஸ்கின்னர் புறாவும்

எடிசன், நியூ ஜெர்சி
ஏப்ரல் கடைசி

அன்புள்ள அண்ணனுக்கு,

போன் போட்டா "காசு ஆகும், வை"ன்னு கட் பண்ணிடறீங்க. வாட்ஸ்அப்புக்குக் காசில்லன்னு சொன்னாலும் நம்பறதில்ல. அதான் கடுதாசி.

இங்க வீட்டுல சத்தமாத் தும்மக்கூடத் தடை. என் மக மே மாசம் ரெண்டு ஏ.பி. பரீட்சை எழுதறா. ஒண்ணு அமெரிக்க அரசியல், இன்னொண்ணு உளவியல். பள்ளிக்கூடத்துல இருந்துகிட்டே காலேஜ் பாடத்துக்கு எழுதறது. காலேஜ் போர்டுன்னு ஒரு அமைப்பு நடத்துது. நூத்துக்கு எவ்வளவுன்னு கேக்காதீங்க, மார்க்கே 1-லேருந்து 5 வரைக்கும்தான். 5 வாங்கினா கேக் வெட்டறாங்க. நீங்க கணக்குல அஞ்சு வாங்கினப்ப அப்பா புளிய விளாரால கொண்டாடினது எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. நல்ல மார்க் வந்தா பல காலேஜ்ல அந்தப் பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டாம், ஃபீஸ் மிச்சம். அந்த மிச்சத்துக்கு ஒரு பரீட்சைக்கு 99 டாலர் முதல் போடணும். நம்ம கணக்குல எட்டாயிரத்துக்கு மேல.

அரசியலுக்கு 80 நிமிஷத்துல 55 கேள்விக்கு விடையைத் தேர்ந்தெடுக்கணும், அப்புறம் 100 நிமிஷத்துல 4 கேள்விக்கு எழுதணும். எழுதறதுன்னா லேப்டாப்ல தட்டறது. மார்ஜின் போட்டு, தலைப்புக்கு அடிக்கோடு இழுத்து மார்க் தேத்தின நம்ம வித்தை எதுவும் செல்லாது.

கோர்ட் கேஸ்களை வேற நெட்டுருப் போடறா. அதுல ஒண்ணு: 1965-ல அயோவாவுல வியட்நாம் போர் வேண்டாம்னு பள்ளிக்கூடப் பசங்க சிலர் கையில கறுப்புப் பட்டை கட்டிட்டுப் போக, பள்ளிக்கூடம் வீட்டுக்குத் துரத்திடுச்சு. கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், மாணவனுக்கும் பேச்சுரிமை உண்டுன்னு 1969-ல தீர்ப்பு வந்துச்சாம். "அதே 1965-லதான் நம்ம பசங்களும் இந்தித் திணிப்புக்கு எதிராக் கறுப்புக் கொடி பிடிச்சாங்க"ன்னேன். "அவங்களும் கோர்ட்டுக்குப் போனாங்களாப்பா?"ன்னு கேட்டா. "இல்லம்மா, 1967-ல ஆட்சியையே மாத்திட்டாங்க"ன்னேன். பரீட்சைக்கு அது வராதாம்.

அப்புறம் மாடிசன்னு ஒருத்தர். ஃபெடரலிஸ்ட் 51-ம் கட்டுரை, 1788-ல எழுதினது. அதிகாரத்தைப் பிரிச்சுக் கொடுத்து ஒருத்தரை ஒருத்தர் கண்காணிக்க விடணும்கிறார். அதை வெச்சுகிட்டுத் தலையைப் பிச்சுகிட்டிருந்தா. "புத்தகத்தை மூடு. உங்க பெரியப்பா வார்டு மெம்பரா இருந்தப்ப, ஊராட்சி செக்குல தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டாத்தான் பாங்க்ல பணம் வரும். துணைத் தலைவர் கோவிச்சுகிட்டு மாமியார் வீட்டுக்குப் போயிட்டா, தெருவிளக்குக்கு பல்பு வாங்க முடியாது"ன்னேன். சிரிச்சு முடிச்சுட்டு கார்டுல எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டிகிட்டா. மாடிசனுக்குப் பக்கத்துல உங்க ஊராட்சி தொங்குது.

அரசியலோட விட்டிருந்தா பரவாயில்ல. இந்த உளவியல்தான் வீட்டையே ஆஸ்பத்திரி ஆக்கிடுச்சு. நான் வாயைத் திறந்தா ஒரு நோய்ப் பேர் சொல்றா. எலக்‌ஷன் முடிவு வந்ததும் "நான் அப்பவே சொன்னேன்"னு டீக்கடையில சொல்வோமே, முடிவு தெரிஞ்சப்புறம் முன்னாடியே தெரிஞ்ச மாதிரித் தோணறது மனசோட கோளாறாம். தர்மபுரி பஸ் ஸ்டாண்டுல பாதிப் பேருக்கு அது இருக்குன்னேன்.

அடுத்தது உங்க கதை. ஸ்கின்னர்னு ஒருத்தர் பெட்டிக்குள்ள புறாவை வெச்சு, கொத்தினா தீனி விழற மாதிரி பண்ணினார். ஒவ்வொரு கொத்துக்கும் தீனி வந்து பழகின புறா, தீனி நின்னதும் சீக்கிரம் விட்டுடும். எப்பவாவது, எத்தனையாவது கொத்துக்குன்னு தெரியாம விழுந்து பழகினது, தீனி நின்னப்புறமும் விடாம கொத்திகிட்டே இருக்குமாம். இதைப் படிச்சுட்டு, "பெரியப்பா வருஷா வருஷம் தக்காளி போடறாரே, அதேதான்"னுட்டா. 2023-ல கிலோ நூறைத் தாண்டிச்சில்ல, அந்தத் தீனியிலதான் நீங்க இன்னும் கொத்தறீங்களாம். பாலக்கோடு மண்டிக்குக் கொண்டுபோன பெட்டியை வண்டி வாடகைக்குக்கூடக் கட்டாம ரோட்டோரம் கொட்டிட்டு வந்த வருஷங்களை நான் சொல்லவே இல்ல. அண்ணிதான் வீடியோ கால்ல ஒண்ணு விடாம ஒப்பிச்சிருக்காங்க.

ரிசல்ட் ஜூலையில வரும். அதோட ஊருக்கு வர்றோம். உங்களைப் பேட்டி எடுக்க நோட்டு வாங்கி வெச்சிருக்கா, ஜாக்கிரதை. இந்த வருஷமும் தக்காளிதான் போட்டிருந்தா எனக்கு மட்டும் தனியாச் சொல்லுங்க. அவ கேட்டா நான் ராகின்னு சொல்லிடறேன்.

உங்கள் அன்புத் தம்பி