செகண்ட்ஸ் சட்டைக்கு ஓர் இலக்கணம்

கல்யாண வீட்டில் "ஏய், புதுசா?" என்று கேட்டால், அன்று காலைதான் மடிப்புப் பிரித்துக் கட்டியவர் "ஐயோ, பழசுப்பா, நீ பார்த்ததில்ல" என்கிறார். அடுத்த வரிசையில் நிஜமாகவே பழசைக் கட்டிக்கொண்டு வந்தவர் "போன வாரம்தான் எடுத்தது" என்கிறார். இப்படிப் புதியதைப் பழையதென்றும் பழையதைப் புதியதென்றும் சாதிக்கும் சமூகத்தில் ஓர் உடுப்பின் உண்மை வரலாற்றை வாய்மொழிச் சான்றுகளால் நிறுவ முடியாது. துணியையே கேட்டாக வேண்டும். குறைந்த காசில் ஒய்யாரமாக உடுத்துவோருக்கு ஓர் இலக்கணம் வகுப்பது இக்கட்டுரையின் நோக்கம். ஒட்டிய விலையைக் கொடுத்து, பில் போட்டு, கட்டைப்பையோடு கடையைவிட்டு வெளியே வருபவர்கள் இவ்வாய்வின் எல்லைக்குள் வரமாட்டார்கள். அவர்களிடம் பணம் இருக்கிறது, ஆராய ஒன்றுமில்லை.

முதலில் தொன்மை. தொன்மை காட்டாமல் தமிழில் எந்த ஆய்வும் நகராது. பச்சைக் குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது என்று பாட்டியின் நைந்த வாயில் புடவையையோ தாத்தாவின் பழைய வேட்டியையோ கிழித்துச் சுற்றும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. காரணமும் சரியானதே: கஞ்சி போகத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட பருத்தி, பிஞ்சுத் தோலை உரசாது. ஆக, நம்மில் பலர் வாழ்க்கையைத் தொடங்குவதே செகண்ட் ஹேண்டில்தான். பிறகு எந்த வயதில் வெட்கம் வந்து சேர்கிறது என்பதைத் தனியே ஆராயலாம்.

நிறுவனச் சான்று வேண்டுமென்றால் மூர் மார்க்கெட். சென்னை சென்ட்ரலை ஒட்டி 1900-இல் திறக்கப்பட்ட அது, பழைய பொருள் வணிகத்துக்கு நாளந்தா. 1985-இல் எரிந்துபோனது; முடிவிலும் இரண்டுக்கும் ஒற்றுமை. அங்கே நடைபாதையில் கிடைத்த பழைய புத்தகங்களை நினைத்துப் பெருமூச்சு விடுவோர் இன்றும் ஏராளம். பழைய சாமானும் உடுப்பும் வாங்கிப் போனவர்கள் மட்டும் நினைவுக் குறிப்பு எழுதுவதில்லை. அறிவு செகண்ட் ஹேண்டாக வந்தால் பெருமை, கால்சட்டை அப்படி வந்தால் கௌரவக் குறைச்சல்.

தெருவிலோ "பழைய துணிக்குப் பாத்திரம்" என்று கூவி வருபவர் ஒரு முழுப் பண்டமாற்றுப் பொருளாதாரத்தைத் தலையில் சுமந்து வருகிறார். அவருடைய மதிப்பீட்டு முறை இன்னும் எழுத்தில் பதிவாகவில்லை என்பதால் இங்கே குறித்துவைக்கிறேன். பேன்ட்டுக்கு மதிப்பு அதிகம். ஜிப் ஏறி இறங்கினால் இன்னும் அதிகம். ஜரிகை கண்ணில் பட்டால் குரலே மாறும். ஜாக்கெட் கணக்கில் வராது. கூடைக்குள் மட்டும் போய்விடும். டிபன் பாக்ஸுக்கு மூடி வேண்டுமென்றால் இன்னொரு புடவை. அப்படிப் போனவற்றில் நல்லது வாரச்சந்தை விரிப்பில் வந்து உட்காரும், ஆகாதது பட்டறையில் மெஷின் துடைக்கும்.

இனி வகைப்பாடு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூல், நூல்களை முதல், வழி, சார்பு என மூன்றாக வகுக்கிறது. முனிவருக்கு ஊர் பெருந்துறை அருகிலுள்ள சீனாபுரம் என்று ஒரு கருத்து உண்டு. அதற்கு ஒரு பக்கம் ஈரோட்டு ஜவுளிச் சந்தை, மறுபக்கம் திருப்பூர். இப்படிப்பட்ட இடத்திலிருந்து ஒருவர் நூலைப் பற்றி எழுதினால் எந்த நூலைப் பற்றி எழுதியிருப்பார் என்று தமிழறிஞர்கள் கேட்காமல் விட்டது வியப்பளிக்கிறது.

அக்காளுக்கு எடுத்தது முதல் நூல். தங்கை போடுவது வழிநூல்: மூலத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு, இடுப்பில் ஒரு பிடிப்பு, கையில் ஒரு மடிப்பு என்று வேண்டிய இடத்தில் மட்டும் வேறுபடுவது. சித்தி மகளிடம் போய்ச் சேரும்போது அது சார்பு நூல். அதற்குள் பித்தான் வேறு, நாடா வேறு, கலரும் வேறு.

இந்த வரிசையின் காலத்தைக் கணிக்கப் பட்டுப்பாவாடையைவிட நம்பகமான சான்று இல்லை. வளரும் பிள்ளைக்குத் தைக்கும்போது கீழே இரண்டு மூன்று டக் பிடித்து வைப்பார்கள். வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிடும்போது, மடிப்புக்குள் வெயில் படாமல் ஒளிந்திருந்த துணி ஒரு பட்டையாக அடர் நிறத்தில் வெளியே வரும். பழைய தையல் ஓடிய தடத்தில் ஊசித் துளைகள் புள்ளிக்கோடாக நிற்கும். மேலே உள்ள பட்டை கொஞ்சம் வெளுத்திருக்கும், கீழே உள்ளது பளிச்சென்று இருக்கும். எண்ணினால் பாவாடையின் வயது. இரண்டு பட்டைகள் ஒரே அளவு வெளுத்திருந்தால் அந்த வருஷம் பெண் திடீரென்று வளர்ந்துவிட்டாள் என்று பொருள். கல்வெட்டு படிப்பவர்களுக்கு மைப்படி வேண்டும். அத்தைமார்களுக்கு அதுகூட வேண்டாம், பந்தியில் எதிர்வரிசையில் உட்கார்ந்தே படித்துவிடுவார்கள். பிரித்த தடத்தின்மேல் ஜரிகை லேஸ் வைத்துத் தைக்கும் கலை தோன்றியது அவர்களுக்கு அஞ்சித்தான் என்பது என் துணிபு.

களஆய்வுக்குத் திருப்பூர் ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள காதர்பேட்டையைத் தேர்ந்தேன். அங்கே ஏன் இத்தனை பனியன் குவிகிறது என்பதற்குக் காரணம் எளிது. வெளிநாட்டு ஆர்டருக்குத் தைக்கும் கம்பெனி, டேமேஜ் போகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, கேட்ட எண்ணிக்கையைவிடச் சற்றுக் கூடுதலாகவே வெட்டும். டேமேஜ் குறைந்தால் நல்ல பீஸ் மிஞ்சும். செக்கிங் மேசையில் ஒரு தையல் விட்டது, துணியில் ஊசி முனையளவு ஓட்டை, மார்பில் அச்சடித்த கரடி அரை அங்குலம் நகர்ந்து உட்கார்ந்தது என்று கழித்தவை தனியே சேரும். பையர் அனுப்பும் ஆய்வாளர் சில பெட்டிகளைத் திறந்து பார்ப்பார். ஏ.க்யூ.எல். 2.5, அதாவது ஏற்கத்தக்க தர வரம்பு, என்று ஓர் அளவுக்கு அட்டவணை வைத்திருப்பார்கள். அதில் சொன்ன எண்ணிக்கைக்கு ஒரு குறை கூடிவிட்டாலும் லாட் முழுவதும் நின்றுபோகும். நின்றவை, மிஞ்சியவை, கழிந்தவை மூன்றும் கலந்து கட்டாகவும் ஒற்றைப் பீஸாகவும் கடைக்கு வருகின்றன. ஐரோப்பாவில் எடுபடாத கரடி ஆட்டையாம்பட்டியில் ஜம்மென்று திரிகிறது.

வெளியே விடும் முன் லேபிளைப் பாதியாகக் கத்தரிப்பார்கள், அல்லது மார்க்கரால் ஒரு கோடு இழுப்பார்கள். பிராண்டின் மானத்தைக் காக்கும் ஏற்பாடு அது. விளைந்ததோ நேர்மாறு. முழு லேபிள் இருந்தால் அது டூப்ளிகேட் என்ற சந்தேகத்துக்கு உரியது. லேபிளே இல்லாவிட்டால் அது யார் பெற்ற பிள்ளையோ. பாதி லேபிள் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் குலம் தெரிந்த சட்டை. விவரம் தெரிந்த இளைஞர்கள் கழுத்துப் பக்கம் சொறிவதுபோல் கையைக் கொண்டுபோய் அந்தப் பாதியை வெளியே தெரிய வைப்பதைப் பேருந்து நிறுத்தங்களில் காணலாம்.

வாங்குவோர் மனனம் செய்ய வேண்டியது நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்கள். குன்றக் கூறல் என்பது, சட்டைக் கை மணிக்கட்டுக்கு இரண்டு அங்குலம் முன்னதாகவே நின்றுவிடுவது. பரிகாரம்: முழங்கை வரை மடித்துவிட்டு, தைக்கும்போதே அப்படித்தான் என்பதுபோல் நடந்துகொள்ளுதல். மிகைபடக் கூறல் என்பது தோள் நம் தோளைத் தாண்டிப் புஜத்தில் இறங்குவது; சில ஆண்டுகளாக 'ஓவர்சைஸ்' என்ற பெயரில் இது குற்றப் பட்டியலிலிருந்து விடுதலை பெற்றிருக்கிறது. இடது கை மீடியமும் வலது கை லார்ஜுமாக அமைவது மாறுகொளக் கூறல். முதல் துவைப்பிலேயே சாயம் இறங்கிப் பக்கத்தில் ஊறிய வேட்டியையும் கெடுப்பது மயங்க வைத்தல். கைக்குட்டை நுனியை நனைத்து உள்மடிப்பில் தேய்த்துப் பார்த்தபின் பர்ஸைத் திறப்பவரே நன்மாணாக்கர். முட்டியிலும் காலர் விளிம்பிலும் இழை மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் கடைக்காரர் முகம் தெரிவது சென்று தேய்ந்து இறுதல். இதற்கு மன்னிப்பே கிடையாது. எவ்வளவு மலிவாக வந்தாலும் விட்டுவிட வேண்டும். மற்ற ஐந்தும் பயிற்சிக்கு.

இதில் அடங்காத பதினோராம் குற்றம் ஒன்று உண்டு. துவைத்துக் காயவைத்ததும் பனியனின் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு தொப்புளை நோக்கிப் புறப்படுவது. வட்டமாகச் சுற்றிப் பின்னும் மெஷினில் வந்த துணிக்கு உரிய நோய் இது. பவணந்தியார் காலத்தில் அந்த மெஷின் இல்லை. அதனால்தான் பத்தோடு நிறுத்தினார்.

மூலம் எவ்வளவு சிறந்ததானாலும் உரையின்றி விளங்காது. இத்துறையின் உரையாசிரியர், மாடிப்படிக்குக் கீழே ஒரு மெஷின், ஒரு சுண்ணக்கட்டி, பாபின் நிறைந்த ஒரு பிஸ்கட் டப்பாவோடு உட்கார்ந்திருக்கும் ஆல்டரேஷன் டைலர். மலிவு உடுப்பு ஸ்டைலாக மாறுவது கடையில் அல்ல, இவர் மேசையில். இதைத்தான் நான் இக்கட்டுரை நெடுகச் சொல்ல வருகிறேன். தோளும் கையும் பொருந்திவிட்டால் நூறு ரூபாய்ச் சட்டையையும் ஆயிரம் ரூபாய்ச் சட்டையையும் நாலடி தூரத்தில் பிரித்தறிய எந்த அத்தையாலும் முடியாது. அந்தக் காலத்தில் நைந்த காலரைப் பிரித்துத் திருப்பிப் போட்டு, உள்பக்கத்தை வெளிப்பக்கமாக்கி, சட்டைக்கு மறு ஆயுள் கொடுத்தவர்களும் இவர்களே. களத்தில் பதிவு செய்த ஓர் உரையாடல்:

"அண்ணே, சைடு மட்டும் பிடிச்சுக் குடுங்க."

"சைடு மட்டும் பிடிச்சா அக்குள்ல இழுக்கும்மா. தோளைப் பிரிச்சுக் குறைக்கணும்."

"குறைச்சா எவ்வளவு ஆகும்?"

அவர் ஒரு தொகை சொன்னார். பெண் பதில் பேசவில்லை.

"சட்டை எவ்வளவுக்கு எடுத்தே?"

அதற்கும் பேசவில்லை. உரை மூலத்தைவிடப் பெருத்துவிடுவது தமிழ் மரபுக்குப் புதிதல்ல என்பதால் நான் குறுக்கிடாமல் குறிப்பு மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பட்டுப்புடவைக்கு வேறு விதி. அசல் ஜரிகை, பட்டு நூலின்மேல் வெள்ளிக் கம்பி சுற்றிப் பொன்முலாம் பூசியது. தெருவில் "பழைய பட்டு வாங்கறது" என்று வருபவர் புடவையை எடைபோடுவது அந்த வெள்ளிக்காக; எரித்து உருக்கி எடுத்துவிடுவார்கள். கொடுக்கும் முன் பிரித்துப் பார்க்க வேண்டும். வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் பீரோவில் கிடந்த புடவை மடிப்போடுதான் விடும். உடல் போனாலும் கரையும் முந்தியும் பெரும்பாலும் கெட்டியாக நிற்கும். கரை ரவிக்கைக் கைக்கு, முந்தி குர்த்தாவின் முன்பக்கத்துக்கு, மிச்சம் பேத்திக்குப் பாவாடை. அந்தப் பாவாடையில் டக் வைக்க மறக்க வேண்டாம்.

ஒப்பனை இயலைச் சுருக்கித்தான் எழுத வேண்டியிருக்கிறது. சட்டை கைமாறலாம், கண்மை கைமாறக் கூடாது. கண்வலியும் கூடவே வரும். லிப்ஸ்டிக்கும் அப்படித்தான். எனவே இங்கே சிக்கனத்துக்கு வழி, சின்னச் சின்னதாக வாங்குவது. அந்த வழிக்குத் தலைநகர் கடலூர். ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் யோசனையை வளர்த்த சின்னி கிருஷ்ணன் அவ்வூர்க்காரர். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய சிக் ஷாம்பு பின்னாளில் 50 பைசாப் பாக்கெட்டாகவும் வந்து கிராமத்துப் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கியது. பாக்கெட்டைப் பல்லால் கிழிப்பது முதல் பிழிவு, உள்ளே தண்ணீர் விட்டுக் குலுக்குவது இரண்டாம் பிழிவு. மூன்றாவதற்குக் கத்தரிக்கோல் வேண்டும். அது விடுதி மாணவிகளின் தனித்துறை.

குளியலறைக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றே ஒப்பனையில் அங்கீகரிக்கப்பட்ட செகண்ட் ஹேண்ட் பொருள். ஆனால் சொந்தச் செகண்ட் ஹேண்ட். கோந்து தீர்ந்ததை வெளியூரில், மதியத்துக்கு மேல், மற்றவர் சொல்லித்தான் அறிய முடியும். கவரிங் நகைக்குப் பின்பக்கம் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு கோட்டிங் அடித்தால் கழுத்து அரிப்பதும் கறுப்பதும் தள்ளிப்போகும். கஸ்தூரி மஞ்சளும் பயத்தமாவும் நாட்டு மருந்துக் கடையில் காகிதப் பொட்டலத்தில் ஒரு விலை, கண்ணாடிக் குப்பியில் பச்சை இலை படம் போட்டு வந்தால் வேறு விலை. இதில் ஆய்வு தேவையில்லை. கண் இருந்தால் போதும்.

கடைசியாக, அறிஞரிடையே இன்னும் தீராத ஒரு சிக்கல். தீபாவளிக்குப் புதுத்துணியின் ஓரத்தில் மஞ்சள் தடவிச் சாமிமுன் வைக்கிறோம். செகண்ட்ஸ் சட்டைக்கு மஞ்சள் உண்டா? யாரும் உடுத்தாதது என்பதால் காதர்பேட்டைப் பனியனுக்கு உண்டு என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. அண்ணன் போட்டதற்கு இல்லை என்பதிலும் இல்லை. வாரச்சந்தையில் வாங்கி, துவைத்து, இஸ்திரி போட்டு, டைலர் கையால் மறுபிறவி எடுத்ததற்கு? உடுத்தியவர் கட்சி "கூடாது" என்கிறது. வாங்கியவர் கட்சி "எனக்குப் புதுசு" என்கிறது. சனிக்கிழமை புதுசு உடுத்தக் கூடாது என்று சொல்லும் வீடுகளில், வாங்கியவர் கட்சியே கட்சி மாறி "பழசுதானே" என்று வாதிடுவதும் உண்டு. இந்த விவாதத்தில் கலந்துகொள்ள நேரமில்லாத அம்மாக்கள், சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்த இடத்தில் போகாத கறை இருக்கிறதோ அதன்மேலேயே மஞ்சளை அழுத்தித் தடவிவிடுகிறார்கள். பொங்கல் வரைக்கும் அது தீபாவளி மஞ்சள்.