ஒரே படத்து நாயகி

கேள்வி: தோட்டத் திடலில் திரை கட்டிப் படம் பார்த்த தலைமுறைக்கும் தெரியாமல், ஒரே படத்தோடு மறைந்த கதாநாயகி எவரேனும் உண்டா? (வாசகர், அலோர் ஸ்டார்)

பதில்: உண்டு. தமிழும் மலையாளமும் கலந்து ஆடப்படும் நாட்டுப்புறக் கூத்தான காக்காரிசி நாடகத்தில் நடித்துவந்த பி.கே. ரோசி, அகத்தீஸ்வரத்தைச் சேர்ந்த ஜே.சி. டேனியல் தம் நிலத்தை விற்றுத் தயாரித்த 'விகதகுமாரன்' என்னும் முதல் மலையாளப் படத்தின் நாயகியானார். அது பேசாப் படம், அதாவது ஒலிப்பதிவு இல்லாத படம் என்பதால் திரையில் எவரும் வாய் திறக்கவில்லை; 1930இல் திருவனந்தபுரம் கேப்பிட்டல் கொட்டகையில் பேசியவர்கள் பார்வையாளர்களே, அதுவும் கல்லால். தலித் பெண்ணொருவர் நாயர் குலப் பெண்ணாக நடித்ததும், அவர் கூந்தல் பூவை நாயகன் முத்தமிட்டதும் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. திரையில் கண்டது நடிப்பு என்று தெரியாத அளவுக்கு ரோசி நன்றாக நடித்திருந்தார் என்பதை, பாவம், அவர்களே ஒப்புக்கொண்டுவிட்டனர். ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட ரோசி, லாரி ஓட்டுநர் ஒருவரை மணந்து, நாகர்கோவிலில் ராஜம்மாளாக வாழ்ந்து முடித்தார். பிற்காலத்தில் டேனியல் பெயரில் கேரள அரசு விருது நிறுவியது. ரோசிக்கோ, டேனியலின் வாழ்க்கையைச் சொல்லும், மலையாள இயக்குநர் கமலின் 'செல்லுலாய்டு' படம் 2013இல் வரும்வரை பரவலான அறிமுகம்கூட இல்லை. 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் தன் முகப்பில் அவர் உருவத்தை வரைந்து வைத்தது.