பவளத்துக்குச் சொட்டு மருந்து

கேள்வி: கடல்நீர் மீன்தொட்டி வைத்திருக்கிறேன். பவளங்களுக்குக் கால்சியம் தானாகவே சொட்டும்படி வீட்டிலேயே ஒரு கருவி செய்யலாமா?
– வாசகர், சாந்த்ராகாச்சி

பதில்: தாராளமாக. டயாலிசிஸ் இயந்திரத்தில் ரத்தத்தைத் தள்ளுகிற அதே வகை உருளை பம்ப்தான். குழாயை நசுக்கி நசுக்கியே திரவத்தை நகர்த்தும். 12 வோல்ட்டில் ஓடும் சின்ன பம்ப் இரண்டு, அவற்றை நேரத்துக்கு இயக்க ஓர் ஆர்டுயினோ பலகை, ரிலே சுவிட்ச் போதும். ஒரு பம்ப் கால்சியம் குளோரைடு கரைசலுக்கு, மற்றது சோடா உப்புக் கரைசலுக்கு. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் விட்டீர்களானால் சுண்ணாம்பு படியும். வெற்றிலை பாக்கு மட்டும்தான் பாக்கி. கால்சியம் லிட்டருக்கு 420 மில்லிகிராம் அளவில் இருக்கிறதா என்று நீங்களே சோதிக்க வேண்டும், பம்புக்கு நாக்கு கிடையாது. ரிலே சில சமயம் ஒட்டிக்கொள்ளும், பம்ப் நிற்காது. எனவே பாட்டிலில் சில நாள் மருந்துக்கு மேல் ஊற்றாதீர்கள். குழாய் தேயத் தேய அளவு மாறும். அவ்வப்போது அளவுகுவளையில் பிடித்துப் பாருங்கள்.

அதெல்லாம் சரி, பவளம் எங்கே வாங்கினீர்கள்? மன்னார் வளைகுடாவிலிருந்தோ அந்தமானிலிருந்தோ பிடுங்கியதென்றால் வம்பு. பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலியோடு சரிசமமாக. தண்டனை 3 முதல் 7 ஆண்டு சிறை. அங்கே சாப்பாடு வேளாவேளைக்குத் தானாகவே வரும், ஆர்டுயினோ தேவையில்லை. உரிய காகிதம் இல்லாவிட்டால் மீன்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெறும் மீன்தொட்டிக்குக் கால்சியம் சொட்டவே வேண்டாம்.