அப்பத்தாவின் அண்டா

1984-இல் பெருந்துறைப் பக்கம் எங்கள் ஊருக்குத் தெருக்குழாய் வந்தபோது நான் கல்லூரியில் வேதியியல் இரண்டாம் ஆண்டு. ஊரிலேயே எல்லாம் தெரிந்தவன் என்று எனக்கு நினைப்பு. மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றுவார்கள். கடைக்கோடிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சினால் போதும். எங்கள் வீடோ தொட்டிக்கு அடுத்த வீடு. பவுடர் போட்ட அன்று வாய் கொப்பளித்தால் ஆஸ்பத்திரி வராந்தா மணக்கும்.

அப்பத்தாவின் கவலையெல்லாம் கம்மஞ்சோறுதான். உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டால் விடிவதற்குள் நீச்சத்தண்ணி புளித்திருக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரில் புளித்தது, குழாய்த் தண்ணீரில் முறைத்துக்கொண்டு கிடந்தது. நாலு நாள் பார்த்தாள். பிறகு பித்தளை அண்டாவில் தண்ணீர் பிடித்து, மேலே வேட்டித்துணி மட்டும் கட்டி, ஒரு ராத்திரி ஆசாரத்தில் விட்டுவைத்தாள்.

"கிருமி விழும், மூடி வை அப்பத்தா" என்று நானே தட்டத்தைத் தூக்கிப் போடுவேன்.

"பவுடர் நாத்தம் போகோணுமல்ல சாமி" என்று எடுத்துவிடுவாள்.

குளோரின் ஆவியாகிப் போய்விடும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். அண்டா பாடத்திட்டத்தில் இல்லை.

இப்போது அக்கா மகன் சான் பிரான்சிஸ்கோவில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறான். 1978-இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தின் புண்ணியம். இங்கே 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடிருக்கிறது. டாஸ்மாக்கில் வரிசையில் நிற்கலாம், வீட்டில் பானை வைத்தால் போலீஸ் வரும்.

அவனுடைய முதல் பீரில் டெட்டால் வாசம். தானியத்தின் பீனாலோடு குளோரின் கூடினால் குளோரோபீனால். டெட்டாலும் அந்த வம்சம்தான். தண்ணீரை ராத்திரி முழுக்கத் திறந்துவைத்தும் பலனில்லை. அந்த ஊரில் 2004 முதல் குளோரினோடு அம்மோனியாவும் சேர்க்கிறார்கள். அப்படிப் பிறக்கும் குளோரமின் லேசில் கிளம்பாது, கொதிக்கவைத்தாலும் அடம் பிடிக்கும். கரி வடிகட்டியில் மெல்ல விட வேண்டும், இல்லாவிட்டால் 75 லிட்டருக்கு ஒரு கேம்டன் மாத்திரை.

"உங்க குழாயில வெறும் குளோரின்தானுங்க மாமா? தெறந்து வெச்சாலே போயிரும். கெமிஸ்ட்ரி படிச்ச உங்களுக்குத் தெரியாததா?" என்றான்.

அண்டாவை எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கி முப்பது வருஷமாயிற்று. சுவரில் ஆர்.ஓ. பெட்டி தொங்குகிறது, அதற்குள் குளோரினைப் பிடிப்பதும் கரிதான், வருஷா வருஷம் மாற்றக் காசு.

நேற்று ராத்திரி ஆசையாய் ஒரு குண்டாவில் குழாய்த் தண்ணீர் பிடித்து, துணி கட்டி வைத்தேன். விடிந்து பார்த்தால் தட்டம் போட்டு மூடியிருந்தது.

"பல்லி விழுந்தா என்ன பண்ணுவீங்க?" என்றாள் வீட்டுக்காரி.